எண்ணெய் குடித்த கல்

என் அத்தை சவரக்கத்தி தீட்டும்போது யாரோடும் பேச மாட்டாள். கல்லில் தண்ணீர் தெளிப்பாள். அதே கல்லின் சின்னத் துண்டால் தேய்ப்பாள். பால் மாதிரிச் சேறு எழும்பும். கத்தியைப் படுக்கவைத்து, முதுகும் விளிம்பும் சேர்ந்து படும்படி, அழுத்தமே இல்லாமல் இழுப்பாள்.

அவள் புருஷனுக்கு, அதாவது மாமாவுக்கு, நான் வைத்த பெயர் அரைராஜா. பக்கவாதம் வந்தபிறகு உடம்பில் இடது பாதி மட்டும்தான் அவர் சொன்னபடி கேட்கிறது. வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. இருபது வருஷம் சலூனில் நின்றவர். கல் அவருடையது, மலையில் வெட்டியெடுத்த கல். அவர் கை விழுந்த மறுமாதம் அத்தை அதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவரைவிட நன்றாகத் தீட்டினாள். அவள் செய்த குற்றம் அதுதான்.

நாலு சலூன் வைத்திருக்கும் முதலாளி அன்று காலை ஏழு கத்தி கொடுத்தார். "மதியம் வருவேன். தொங்குற முடியை ஏழும் அறுக்கணும். அறுத்தா நாலு கடை வேலையும் உனக்கு. இல்லேன்னா மெஷின்காரன்கிட்ட குடுத்துருவேன்."

அவர் போனதும் மாமா கட்டிலிலிருந்து கேட்டார்: "பொம்பளை தீட்டின கத்திக்கு எவன்டி கழுத்த நீட்டுவான்?"

"நீங்க தினமும் நீட்டுறீங்களே," என்றாள் அத்தை.

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

நாலு கத்தி முடிந்தது. கல்லைக் கட்டிலோரம் வைத்துவிட்டு அத்தை தண்ணீர் பிடிக்கப் போனாள். குடம் தூக்க நானும் போனேன். திரும்பி வந்து ஐந்தாவது கத்தியை வைத்தால் வழுக்கிக்கொண்டு ஓடியது. தெளித்த தண்ணீர் முத்து முத்தாக உருண்டது. அத்தை கல்லை முகர்ந்து பார்த்தாள். தலைக்குத் தடவுகிற எண்ணெய். மாமா பக்கத்தில் பாட்டில் காலி.

தண்ணீருக்குப் பழகிய கல் எண்ணெயைக் குடித்துவிட்டால் சேறு எழும்பாது, கத்தியைப் பிடிக்காது. வெந்நீர், சோப்பு, சாம்பல் எல்லாம் போட்டுத் தேய்த்தோம். கல் மினுமினுத்ததுதான் மிச்சம்.

"எண்ணெய் விட்டா நல்லா ஓடும்டி," என்றார் மாமா. "இருபது வருஷ அனுபவத்துல சொல்றேன்."

அத்தை மீதி மூன்றையும் அதே கல்லில் இழுத்து முடித்தாள்.

முதலாளி வந்து தன் தலையிலிருந்தே ஒரு முடியைப் பிடுங்கினார். அவர் தலைக்கு அது பெரிய செலவு. நாலு கத்தி அறுத்தன. ஐந்தாவதில் முடி வளைந்துகொடுத்தது. மற்ற இரண்டிலும் அப்படியே.

"கல்லு கெட்டுப்போச்சுங்க," என்றாள் அத்தை.

"எப்படி?"

மாமா முந்திக்கொண்டார். "கைப்பழக்கம் பத்தாதுங்க. நான் அப்பவே சொன்னேன், கேக்கல."

"மாமாதான்..." என்று நான் ஆரம்பித்தேன். அத்தை என் காலை மிதித்தாள்.

முதலாளி நாலு கத்தியை மடித்துப் பையில் போட்டார். மூன்றைத் தரையில் எறிந்தார். "இத வச்சு வெங்காயம் நறுக்கு."

சாயங்காலம் வரை மாமாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிறகு தாடி அரித்தது. "ஏய், சவரம் பண்ணிவிடு."

"நல்லது நாலும் போயிடுச்சுங்க," என்று அத்தை தரையில் கிடந்த ஒன்றை எடுத்துத் துடைத்தாள். "இதுதான் இருக்கு."

நுரை பூசினாள். "தலையப் பிடிச்சுக்கடா," என்றாள். பிடித்தேன். என் உள்ளங்கையில் அவர் தாடை நடுங்கியது. விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. விடவில்லை.

மாமாவுக்கு வலது கன்னத்தில் உணர்ச்சி கிடையாது. அத்தை இடது பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள்.