வரைபடத்தில் முளைத்த கழிப்பறை

வைகாசித் திருவிழாவுக்குக் கொடியேறிய மறுநாள், எங்கள் அலுவலகத்துக்கு ஓர் அம்மாள் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். கையில் செல்போன். உள்ளே நுழைந்ததும் கேட்டார்.

"ஊருக்கு மேப்பு போட்டது நீங்கதானா?"

காஞ்சிபுரத்தில் ஏனாத்தூர் போகும் வழியில், மருந்துக்கடை ஒன்றின் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். நானும் என் முதலாளியும் மட்டும்தான். அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். வெளியூர் பக்தர்களுக்காக விழாக் குழுவினர் ஓர் இணைய வரைபடம் கேட்டிருந்தார்கள். வண்டி எங்கே நிறுத்தலாம், குடிதண்ணீர் எங்கே, கழிப்பறை எங்கே என்று எல்லாவற்றையும் குறித்துக் கொடுத்துவிட்டுப் பெருமையாக உட்கார்ந்திருந்தோம்.

"நாங்கதாம்மா," என்றார் அண்ணா. பாராட்ட வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார்.

அந்த அம்மாள் போனை மேசைமேல் வைத்தார். திரையில் அவருடைய தெரு. அவருடைய வீட்டின் நட்டநடுவே நீல நிறத்தில் கழிப்பறைக் குறி.

"காத்தாலேருந்து கதவத் தட்டிக்கினே இருக்கிறாங்கபா. எங்க வூட்டுக்காரரு குழித்தறியில, குழிக்குள்ள காலத் தொங்கப் போட்டு நெய்துக்கினு இருக்கிறாரு. ஒரு பெரியவர் வாசல்ல வந்து நின்னு எட்டிப் பாத்தாரு. 'அவரு மெதுவா முடிச்சிட்டு எழுந்து வரட்டும்மா, எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல'ன்றாரு!"

நான் சிரிப்பை மறைக்கக் கணினித் திரைக்குப் பின்னால் குனிந்தேன். அண்ணா குனிய இடமில்லாமல் மாட்டிக்கொண்டார்.

உண்மையான கழிப்பறை அந்தத் தெருவுக்குப் பின்னால், வண்டி நிறுத்தும் மைதானத்தில் இருந்தது. இடங்களை நேரில் போய்க் குறித்து வந்தவர் அண்ணாதான். அந்த அம்மாள் போனதும் கேட்டேன்.

"அண்ணா, மைதானத்துக்கு நீங்க போனீங்களா?"

"போனேன்மா. சாட்டிலைட்டு கொஞ்சம் இழுத்துடுச்சு."

"அது எப்படி, மைதானத்து வெயில விட்டுட்டு, சரியா நிழல் இருக்கிற வாசலாப் பாத்து இழுத்துது?"

அவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். கணினியில் குறியைப் பிடித்து மைதானத்தில் கொண்டுபோய் வைத்தார். "முடிஞ்சுது. இதுக்குப் போய் ஆர்ப்பாட்டம்," என்றார்.

அடுத்த நாள் அந்த அம்மாள் மறுபடியும் வந்தார். இணையத்தில் குறி அசையவே இல்லை. வரைபடத்தை முதலில் வெளியிட்டபோதே சர்வர் எங்கள் தகவலை நகலெடுத்துத் தன்னிடம் வைத்துக்கொண்டிருந்தது. நாங்கள் திருத்தியது எங்கள் கணினியில் இருந்ததை மட்டும். ஆகவே, திருத்தியதை அதே பெயரில் மறுபடி வெளியிட்டேன். வெற்றி என்று பச்சை எழுத்தில் செய்தி வந்தது. ஆனால் குறி அந்த வீட்டிலேயே குடியிருந்தது.

இந்த மாதிரி வரைபடங்களில் ஒரு வசதி உண்டு, அதுவே தொல்லையும். யாராவது கேட்கும்போதெல்லாம் சர்வர் உட்கார்ந்து படம் வரைவதில்லை. முன்கூட்டியே வரைந்து, சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டி அடுக்கி வைத்திருக்கும். ஊர் முழுக்கத் தெரியும் அளவுக்கு ஓர் அடுக்கு, தெரு தெரியும் அளவுக்கு ஓர் அடுக்கு, வீடு தெரியும் அளவுக்கு ஓர் அடுக்கு. கேட்டவுடன் அதிலிருந்து எடுத்து நீட்டும். நாம் படத்தை மாற்றி வெளியிட்டாலும், பழைய சதுரங்களைத் திரும்ப வரையச் சொல்லாதவரை அது பழையதையே பரிமாறிக்கொண்டிருக்கும்.

சரி என்று திரும்ப வரையச் சொன்னேன். என் திரையில் வீடு சுத்தமாகிவிட்டது. அந்த அம்மாளுக்குப் போன் செய்து, "போயிடுச்சும்மா," என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தேநீர் குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் வேறோர் அம்மாள் அண்ணாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். இவர் முன்னவரின் ஓரகத்தி. மூத்தவர், பக்கத்து வீட்டிலேயே இருப்பவர். நடுச்சுவருக்கு யார் வெள்ளையடிப்பது என்ற சண்டையில் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்று வெகுகாலம் ஆகியிருந்தது.

"இன்னாபா இது அக்கிரமமா இருக்குது? வர்றவங்களையெல்லாம் 'இங்க இல்ல, பக்கத்து வூடு'ன்னு எங்கிட்ட அனுப்பிக்கினு இருக்கிறா அவ."

"நீங்க இல்லன்னு சொல்லி அனுப்ப வேண்டியதுதானேம்மா?"

"நான் எதுக்கு இல்லன்னு சொல்லணும்? 'அந்த வூட்லதான் புதுசா டைல்ஸு போட்டுக் கட்டிருக்கிறாங்க, தாராளமாப் போங்க, வேணாம்பாங்க, விடாதீங்க'ன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

பாவம், அவசரத்தில் வந்த பக்தர்கள் இரண்டு வாசலுக்கும் நடுவில் அலைந்துகொண்டிருந்தார்கள்.

"குறியைத்தான் எடுத்தாச்சேம்மா," என்றேன். அவர் போனை நீட்டினார். குறி இருந்தது. பழைய படத்தை அவர் போன் பிடித்து வைத்திருக்கலாம் என்று, சேமித்ததை அழித்துத் திறந்தேன். அப்போதும் இருந்தது. என் கணினியிலோ இல்லை.

"சர்வர ரீஸ்டார்ட் பண்ணும்மா," என்றார் அண்ணா. மின்விசிறி சுற்றாவிட்டாலும் அவர் அதைத்தான் சொல்வார். செய்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

வேறு வழியில்லாமல் இருவரும் அந்தத் தெருவுக்கே போனோம். வெளியூர் ஜோடி ஒன்று போனும் கையுமாக நின்றிருந்தது. வாங்கிப் பார்த்தேன். ஊர் முழுவதும் தெரியும் அளவில், குறி அந்த வீட்டின் மேல். விரலால் பெரிதாக்கினேன். வீடு காலி, குறி மைதானத்தில். மறுபடி சிறிதாக்கினேன். குறி ஓடி வந்து வீட்டில் உட்கார்ந்துகொண்டது.

அப்போதுதான் பிடிபட்டது. கழிப்பறைக் குறியெல்லாம் கிட்டப் பார்க்கும்போது மட்டும்தான் தெரியும் என்று நினைத்து, அந்த அடுக்குகளை மட்டும் நான் திரும்ப வரையச் சொல்லியிருந்தேன். அண்ணாவோ மக்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று, ஊரையே பார்க்கும் அளவிலும் அது தெரியும்படி வைத்திருந்தார். எனக்குச் சொல்லத்தான் மறந்துவிட்டார்.

ஓரகத்திகள் இருவரும் அவரவர் வாசலில் நின்று எங்களை முறைத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணா விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். வேண்டாம் என்று நான் கண்ணைக் காட்டியும் நிறுத்தவில்லை.

"மாவ மாத்திட்டோம்மா. ஆனா ஹாட்பாக்ஸுல பழைய இட்லி இருக்குது பாருங்க, அதான் எல்லாருக்கும் போயிக்கினு இருக்குது."

"எங்க வூட்ட இட்லின்றாரா?" என்றார் இளையவர்.

"பழைய இட்லின்றாரு," என்றார் மூத்தவர்.

அத்தனை காலத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டது அதுவாகத்தான் இருக்கும். அடுத்து இருவரும் சேர்ந்து அண்ணாவைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் மூச்சு விடும்போது மற்றவர் எடுத்துக் கொடுத்தார். நான் தள்ளி நின்று, பக்தர்களுக்கு மைதானத்துக்கு வழி காட்டினேன்.

அலுவலகம் திரும்பியதும் அண்ணாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. விட்டுப்போன சில அடுக்குகளை மட்டும் வரையச் சொன்னால் போதும் என்றேன். கேட்கவில்லை. எல்லா அளவிலும் எல்லாச் சதுரங்களையும் ஒரேயடியாக அழித்துவிட்டு, முதலிலிருந்து வரையச் சொன்னார். காஞ்சிபுரம் மொத்தமும் சாம்பல் நிறமாகிவிட்டது. விழாக் குழுவிலிருந்து போன் வந்தது. ஒலிபெருக்கியில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"இன்னாபா, கோயிலக் காணோம்?"

"வந்துக்கினு இருக்குது சார்."

"கோயிலு எங்கேருந்துபா வருது?"

அண்ணா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சதுரம் சதுரமாக ஊர் திரும்பி வந்தது. முதலில் பாதிக் குளம், பிறகு ஒரு கோபுரம், அதன் பின் கடைத்தெரு. அந்தத் தெரு வந்ததும் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்த்தேன். எல்லா அளவிலும் குறி மைதானத்தில்தான் இருந்தது.

மறுநாள் இரண்டு அம்மாள்களும் ஒரே ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். எங்களை நம்பாமல் இரண்டு போனிலும் விரலால் இழுத்து இழுத்துப் பார்த்தார்கள். திருப்திதான். ஆனாலும் கிளம்பவில்லை. இளையவர் மூத்தவரைப் பார்க்க, மூத்தவர் தலையை ஆட்டினார்.

"ஏம்மா," என்றார் இளையவர் என்னிடம், குரலைத் தாழ்த்தி. "எங்க வூட்ல இருந்தத எடுத்துட்டீங்க. ஓரிக்கையில எங்க நாத்தனா இருக்கிறா. அவ வூட்ல வெக்க முடியுமா?"

"திருவிழா முடியிற வரிக்கும் போதும்," என்றார் மூத்தவர்.

முடியவே முடியாது என்று சொல்லி அனுப்பினேன். இருவரும் நாத்தனாரைப் பற்றிப் பேசிக்கொண்டே படியிறங்கினார்கள். அண்ணா மட்டும் அந்த வீடு ஓரிக்கையில் எந்தப் பக்கம் என்று கேட்டு, வழியனுப்பும் சாக்கில் கீழே வரை போய்விட்டு வந்தார்.

அன்று மாலை அவர் கிளம்பிய பிறகு வரைபடத்தில் ஓரிக்கையைத் திறந்து ஒவ்வோர் அளவிலும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இருந்தாலும், என் போனில் சேமித்ததையெல்லாம் அழித்துவிட்டு இன்னொரு தடவை பார்த்துக்கொண்டேன்.