மீசை வைத்த தாய்

இன்று காலை பருத்திக்கொட்டை லாரி ஒன்று கடந்தபோது எழுந்த வாசம், இடித்துத் தரைமட்டமாக்கிவிட்ட எங்கள் ஊர்ப் பஞ்சுக் கிட்டங்கிக்கு என்னை இழுத்துப்போனது. பொங்கல் நாடகத்துக்கு மத்தியானங்களில் அங்கேதான் ஒத்திகை. போருக்குக் கிளம்பும் மகனைத் தடுக்கும் தாயாகப் பெரியப்பா, மீசையை எடுக்காமலே, பெண் குரலில் மன்றாடுவார். மகன் வேஷம் அவருடைய சொந்த மகன் முருகேசண்ணனுக்கு. திருப்பூருக்கு வேலைக்குப் போவேன் என்று அண்ணன் அடம்பிடித்ததிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை, நாடக வசனம் மட்டும்தான். கடைசி ஒத்திகையில், "போகாதே மகனே!" என்றார் பெரியப்பா.

அண்ணன் வசனத்தை விட்டுவிட்டு, "நாலு மணி பஸ்ஸுக்குப் போறேன்ப்பா" என்றான்.

அண்ணனுக்கு அப்பாவாகப் பதில் சொல்வாரா, நாடகத்து ஆத்தாவாகச் சொல்வாரா என்று, கிட்டங்கியில் அடுக்கிய பஞ்சு மூட்டைகளின் மேலிருந்து சிறுபிள்ளைகள் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். பெரியப்பா தோள்துண்டை முந்தானையாக இழுத்துக்கொண்டு, அதே பெண் குரலில் சொன்னார்: "ஏலே, சாப்ட்டுட்டுப் போ."