ஆறுமணிக்குருவியும் ஆறிப்போன இட்லியும்

என் அத்தைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் போலீஸ் வேலை. ஓய்வுநாள் கிடைப்பதே அபூர்வம். கிடைத்த நாளில் மற்றவர்களைப் போலத் தூங்கியிருக்கலாம், இல்லை என்னைச் சினிமாவுக்குக் கூட்டிப் போயிருக்கலாம். அவளோ பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, விடியுமுன்னே என்னை ஸ்கூட்டரில் ஏற்றிப் பிளவக்கல் அணைப் பூங்காவுக்குக் கிளம்பிவிடுவாள். ஆறுமணிக்குருவியைப் பார்க்க வேண்டுமாம். குளிருக்கு வடக்கிலிருந்து வரும், காலை ஆறு மணிக்குக் கூவும், கண்ணில் மட்டும் படாது.

எனக்குப் பத்து வயது. சிவப்பு ரிப்பன் கட்டக்கூடாது, தும்மக்கூடாது. இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தால் காகிதம் சரசரக்கும் என்று அதற்கும் தடை.

"அத்த, பசிக்கி."

"செத்த நேரம் பொறுட்டி. இப்ப வந்துரும்."

மூன்று முறை போனோம். மூன்று முறையும் கொசுதான் வந்தது. பங்குனி பிறந்துவிட்டது, குருவி வடக்கே திரும்பிவிடும் என்று நான்காவது முறையும் இழுத்துப் போனாள். புதருக்குப் பின்னால் குத்தவைத்து எனக்குக் கால் மரத்துப்போனபோது, ஸ்டேஷனிலிருந்து போன். அத்தை வாயைப் பொத்திப் பேசியபடி தள்ளிப் போனாள்.

அவள் முதுகைக் காட்டியதும் அது வந்தது. குட்டை வாலை ஆட்டிக்கொண்டு, என் காலுக்கு ஐந்தடி தள்ளிச் சருகைப் புரட்டியது. பச்சை முதுகு, இறக்கையில் நீலம், வாலடியில் ரத்தச் சிவப்பு. நான் கையை அசைத்திருந்தால் அத்தை பார்த்திருப்பாள். அசைக்கவில்லை. எத்தனை இட்லி ஆறிப்போயிருக்கிறது! அது புதருக்குள் மறையும்வரை கல்லாக உட்கார்ந்திருந்தேன்.

அத்தை முகம் தொங்கிப்போய்த் திரும்பிவந்தாள். "உடனே டூட்டிக்கு வரச் சொல்லுதாவ. கெளம்புட்டி. இனி அடுத்த வருசந்தான்."

வத்திராயிருப்பு தாண்டியதும் என்னால் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் அழுவதைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

"நீங்க போன் பேசையில அது வந்துச்சு. வேணும்னுதான் சொல்லல."

வண்டி சடக்கென்று நின்றது. அறை விழப்போகிறது என்று கன்னத்தைப் பொத்திக்கொண்டேன்.

"நெசமாவா? நீ பாத்தியா? எம்புட்டுக் கிட்டக்க? வால ஆட்டுச்சா?"

சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லவைத்தாள். டூட்டியை மறந்து, போகிற வருகிறவர்கள் பார்க்க, என்னைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். "இருக்குல்லா! நம்மூர்ல இருக்குல்லா!"

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. தான் பார்க்காத ஒன்றுக்காக ஒரு மனுஷி இப்படியா சந்தோஷப்படுவாள்? அது விளங்காமல், அவள் முதுகுக்குப் பின்னால் பொட்டலத்தைச் சரசரவென்று பிரித்து, வீடு வந்து சேரும்வரை ஆறிப்போன இட்லியைத் தின்றபடி வந்தேன்.