பூஜையில் வைத்த ஊசி

ஆயுத பூஜையன்று எங்கள் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு ஸ்பேனரைக்கூட யாரும் தொட விட மாட்டார்கள். கிரேனில் தொடங்கி கால்குலேட்டர் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். நான் வேலை பார்க்கும் சின்ன ஆய்வுக்கூடமும் அதற்கு விலக்கில்லை.

அப்போது என் பொறுப்பில் இருந்தவை வெள்ளைச் சுண்டெலிகள், எல்லாம் இளசு. முதல் ஹார்மோன் ஊசி போட்டால் அவற்றின் சினைப்பையில் முட்டைகள் ஒன்றாகச் சேர்ந்து வளரும். இரண்டு நாள் கழித்துப் போடும் ஊசி அவற்றை முதிர வைத்து வெளியே அனுப்பும். மறுநாள் காலை எடுத்துப் பார்க்க வேண்டும். குறிப்பிட்ட வயதில்தான் இது நன்றாக நடக்கும். எலியின் வயது பண்டிகை பார்த்தா வரும்? இரண்டாவது ஊசி சரியாக ஆயுத பூஜை சாயங்காலத்தில் வந்து விழுந்தது.

இந்த ஊசிகள் எனக்குப் புதிதல்ல. குழந்தை வேண்டி நானும் இதே மாதிரி ஊசிகளைப் போட்டுக்கொண்டவள்தான். ஒரு தடவை போட்டுப் பார்த்தேன், பலிக்கவில்லை. இனி அந்த டாக்டர் வாசலை மிதிக்க மாட்டேன் என்று மீஞ்சூரில் எங்கள் வீட்டில் சொல்லிவிட்டேன். கணவருக்கு ஆசை நிறைய. ஆனாலும் என்னை வற்புறுத்தவில்லை.

பூஜை முடிந்து எல்லோரும் பொரிப் பொட்டலத்தோடு கிளம்பிவிட்டார்கள். கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காவும் நானும்தான் மிச்சம். அவர் ஊத்துக்கோட்டைப் பக்கத்துக்காரர். சிரிஞ்சுப் பெட்டியையும் மைக்ரோஸ்கோப்பையும் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தார். மருந்து இருந்த ஃபிரிட்ஜுக்கும் மாலை.

பெட்டியில் கை வைத்தேன்.

"இன்னாம்மா பண்றே? பூஜைல வெச்சத நாளைக்குக் காத்தாலதான் எடுக்கணும்."

"ஊசி இப்பவே போடணும்க்கா."

"ஒரு நாள் தள்ளிப் போட்டா இன்னா ஆவும்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கோபம் எனக்கு எப்போதும் மூக்கு நுனியில்தான். "முட்டை வளந்து நிக்குதுக்கா. இப்ப போடலன்னா முதிராமலே போனாலும் போயிடும். வந்தாலும் எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. பட்ட பாடெல்லாம் வீண்."

அக்கா கொஞ்சம் யோசித்தார். "அப்போ இது மருந்து. புள்ளைக்கு ஜொரம்னா இன்னைக்கு மருந்து ஊத்தாம இருப்பமா?" என்று பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவரே திறந்து ஒரு சிரிஞ்சை எடுத்துக் கொடுத்தார்.

நான் ஊசி போடப் போட அவர் கூண்டுகளை எடுத்து நீட்டினார். "இவ்ளோ பண்ணியும் நாளைக்கு முட்டை வரலன்னா?"

"அளவ மாத்துவோம். வேளைய மாத்துவோம். திரும்பப் போடுவோம்."

"சலிச்சுக்க மாட்டியா?"

"இதுல சலிச்சுக்க இன்னாக்கா இருக்கு?"

வாயிலிருந்து வந்த பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. அக்காவுக்கு என் கதை தெரியும். ஆனால் அவர் அடுத்த கூண்டை எடுக்கப் போய்விட்டார். ஒரே தடவையில் சலித்துப்போனவள் நான்.

காலையில் கற்பூரம் காட்டியதும் மைக்ரோஸ்கோப் விடுதலையானது. எலியைக் கொன்றுதான் முட்டையை எடுக்க வேண்டும். அது பழகிவிட்டது என்று நான் சொன்னால் பொய். கருக்குழாய் வீங்கிப் பளபளத்தது. ஊசி முனையால் கீறியதும் கஞ்சி மாதிரி ஒன்று வழிந்தது. அதற்குள் வெந்த ஜவ்வரிசியாக முட்டைகள். மனசு நிறைந்து போனது. அக்காவையும் பார்க்கச் சொன்னேன்.

"இத்துனூண்டு எலிக்கு இத்தினி முட்டையா?" என்று நிமிர்ந்தார். லென்ஸிலிருந்த குங்குமம் அவர் புருவத்தில் ஒட்டியிருந்தது.

கடைசி எலியில் மட்டும் ஒன்றுமே இல்லை. முன்பெல்லாம் என் மனசு அந்த ஒன்றிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். அன்று, அடுத்த முறை அளவை மாற்றிப் பார்க்க வேண்டும் என்று மட்டும் நினைத்தேன்.

கையைக் கழுவிவிட்டு வெளியே வந்து கணவருக்கு போன் போட்டேன்.

"சாயங்காலம் டாக்டர்கிட்ட போலாமாங்க? இந்தத் தடவை அளவ மாத்திப் பாக்கச் சொல்லணும்."

"இரு, ஷிப்டு மாத்திக் கேட்டுட்டு வரேன்" என்றார்.