கேட்டில் ஒரு வேலை

எங்கள் ஊருக்கு ஆய்வு செய்ய வராதவர்கள் பாக்கி இல்லை. ஆனைக்குட்டம் அணைப் பக்கமிருந்து புது கார் ஒன்று திரும்பினாலே, "மேடம் வந்திருக்காக" என்று பட்டாசு விபத்தில் வெந்தவர்கள் தாமாகவே வெளியே வந்து கையைக் காட்டுவார்கள். கடைசியாக வந்த சென்னை மேடம், வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்க உள்ளூரிலேயே ஆள் தேடினார். எனக்குச் சிறுவயதில் இளம்பிள்ளைவாதம் வந்து ஒரு கால் சூம்பிப்போனது. மூன்று சக்கர ஸ்கூட்டர் வைத்திருக்கிறேன். மாற்றுத்திறனாளியிடம் மாற்றுத்திறனாளியே பேசுவது சிறப்பு என்றார். சம்பளம் தருகிறார்களே, சிறப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று சேர்ந்துகொண்டேன்.

நான் கேள்வி கேட்ட முதல் ஆள் என் சொந்த அக்கா. பட்டாசுக்கு மருந்து செலுத்துகிற ரூமில் தீப்பிடித்தபோது முகத்தில் ஒரு பக்கமும் இரண்டு கைகளும் வெந்து, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போனவள். "உங்கள் முதன்மையான தேவை என்ன?" என்று தாளைப் பார்த்து வாசித்தேன். நான் மரியாதை கொடுத்ததைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு.

"வேலைதான் புள்ள. நாலு பேரோட போயிட்டு நாலு பேரோட வரணும். வீட்டுக்குள்ளயே கெடந்து செவுத்தப் பாத்துப் பாத்துக் கிறுக்குப் பிடிக்கு" என்றாள்.

வழக்கமாக இதெல்லாம் புத்தகமாகி ஏதாவது அலமாரியில் ஏறிவிடும். இந்த முறை ஆய்வைச் செயலாக்கியே தீருவது என்று சூலக்கரையில் கூட்டம் போட்டார்கள். காயம்பட்டவர்களுக்கு அதே தொழிலில் வேலை கொடுக்க வேண்டும், அது அவர்களுடைய உரிமை என்று மேடம் பேசினார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு முதலாளி எழுந்து சம்மதம் சொன்னார். அவருடைய பட்டாசு ஆபீசில்தான் அக்காவின் மகளும் வேலை பார்க்கிறாள். எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அக்காவுக்குப் பாதுகாப்பு வேலை. காலையில் வேன்கள் வந்ததும் கேட்டில் நின்று, யார் நைலான் சேலையில் வந்திருக்கிறார்கள், யார் செல்போன் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து, இரண்டு வார்த்தை எச்சரித்து உள்ளே அனுப்ப வேண்டும். விடிந்ததும் குளித்துப் பவுடர் போட்டு என் ஸ்கூட்டரில் பின்னால் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

காலை, கேட், வெந்த முகம். இந்த மூன்றையும் ஒன்றாக வைத்தால் என்ன ஆகும் என்று மேடத்துக்குத் தெரியாது, சரி. எங்களுக்கு எங்கே போனது புத்தி? சாமி படத்தில் முழித்துவிட்டு, பூனை குறுக்கே போனால் நின்று தண்ணீர் குடித்துவிட்டு வேனில் ஏறுகிற சனம். உராய்ந்தால் உயிர் போகிற வேலை என்பதால் அவர்களைக் கேலி செய்யவும் எனக்கு வாய் வராது. வந்த பெண்கள் முந்தானையை நெற்றிவரை இழுத்துவிட்டுத் தரையைப் பார்த்தபடி அக்காவைக் கடந்தார்கள். சிலர் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

போர்மேன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தப்பா எடுத்துக்காதீக. ரூமுக்குள்ள போனா கை நடுங்குதுங்காக. நடுங்குற கையோட மருந்து அள்ளலாமா, நீங்களே சொல்லுங்க."

மேடத்துக்குப் போன் போட்டேன். அதெல்லாம் மூடநம்பிக்கை, அடுத்த கட்டத்தில் விழிப்புணர்வு கொடுக்கலாம் என்றார். அந்தப் போனைத் தூக்கிக் கிணற்றில் எறியலாம் போல இருந்தது.

அக்கா அசரவில்லை. வெந்த பக்கத்தை முந்தானையால் மூடிக்கொண்டு நின்றாள். ஒருநாள் வேன் நின்றதும் அவள் மகள் முதலில் இறங்கி ஓடிவந்தாள்.

"அம்மா, எங்க வேன் வர்ற நேரம் மட்டும் அந்தச் செவுத்துக்குப் பின்னால நின்னுக்கோ. எம் பக்கத்துல உக்காரவே யாரும் வர மாட்டேங்காக."

"நீ தெனமும் எம் மொகத்துலதானடி முழிக்க? ஒனக்கு என்ன ஆயிப்போச்சு?" என்றாள் அக்கா.

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "இல்லம்மா. கண்ண மூடிக்கிட்டே எந்திரிச்சு, சாமி படத்துக்கு முன்னால போயித்தான் தெறப்பேன்."

வேனிலிருந்து மற்றவர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா யாருடைய சேலையையும் பார்க்கவில்லை. "வண்டிய எடு புள்ள" என்று என் பின்னால் வந்து உட்கார்ந்தாள்.

அதன்பிறகு அவள் போகவில்லை. அறிக்கை புதிதாக அச்சாகி வந்தபோது, அக்கா கேட்டில் நிற்கிற படம்தான் அட்டையில் இருந்தது. மேடம் எனக்கும் ஒன்று அனுப்பியிருந்தார். அதை அக்காவிடம் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

இப்போதெல்லாம் அக்கா சீக்கிரமே விழித்துவிடுகிறாள். மகள் எழுந்து வேனுக்குக் கிளம்பும்வரை செவுத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கிறாள்.