ஹாரனுக்கு அசையாத பாப்பா

போன மாதம் ஒரு காலை, கீழ் போர்ஷன் செல்வி இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றாள். “யக்கா, டாக்டராண்ட போறோம். கூட வர்றியா? எனக்கு பயமா கீது.”

மகள் ஜனனிக்கு ஒன்றரை வயது. நடக்கிறாள், சிரிக்கிறாள், என் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடுகிறாள். பேச்சு மட்டும் இல்லை. ‘அம்மா’கூட இல்லை.

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? “அவங்கப்பனும் லேட்டாதான் பேசினான்” என்றார்கள். அப்பா மூர்த்தி கண்டெய்னர் லாரி டிரைவர். லேட்டாக ஆரம்பித்தவர்... இன்னும் நிறுத்தவில்லை! ஆனாலும் செல்விக்கு மனசு ஒப்பவில்லை.

ராயபுரத்தில் குழந்தைகள் டாக்டர் பாயை விரித்து, ஜனனியோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கட்டைகளை நீட்டினார் — அடுக்கினாள். பந்துக்குக் கை நீட்டினார் — கொடுத்தாள். மூர்த்திக்கு முகமெல்லாம் பல்.

“சத்தம் கேட்டா திரும்பிப் பார்ப்பாளா?”

“இன்னா டாக்டர் இப்டி கேக்குறீங்கோ! எங்க வூடு எண்ணூர் ரோட்டு மேலயே கீது. லாரிங்கோ நாள் பூரா ஹாரன் அட்ச்சிகினே இருக்கும். பாப்பா அசையாம தூங்கும். அவ்ளோ தைரியம்!” என்றார் மூர்த்தி.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். ஜனனிக்குப் பின்னால் போய் ஒரு மணியை அடித்தார். அவள் கட்டையை அடுக்கிக்கொண்டிருந்தாள். இன்னும் பலமாக அடித்தார். எனக்கே காது கூசியது. அவள் கட்டையை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மூர்த்தியின் சிரிப்பு மெதுவாக அணைந்தது.

“பயப்படாதீங்க. காது டெஸ்ட் எடுத்துடலாம். நல்லவேளை, இப்பவே வந்தீங்க.” செல்வியைப் பார்த்துத்தான் சொன்னார் டாக்டர்.

காலடிப்பேட்டையில் எங்கள் தெருவே மெச்சிய தூக்கம் அது. ஒருத்தருக்காவது சந்தேகம் வந்ததா? பாசம் இருக்கிறதே... பிள்ளை செய்யாததைக்கூட சாமர்த்தியமாகத்தான் பார்க்கும். அதற்காக, சந்தேகப்பட்டால் பாசம் இல்லையென்றா அர்த்தம்? செல்விக்கு இருந்ததும் பாசம்தானே!

டெஸ்டில் இரண்டு காதும் சரியாகக் கேட்கவில்லை என்று தெரிந்தது. காதுக்கு மெஷின் மாட்டினார்கள். ஜனனி பிடுங்கி எறிவாள், செல்வி மறுபடி மாட்டுவாள். மூர்த்தி வேலை முடிந்து வந்ததும் முதுகுக்குப் பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அவள் திரும்பமாட்டாள். சட்டையைக்கூட மாற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிடுவார் மனுஷன். பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நான் மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்தேன். வாசலில் ஜனனி காதில் மெஷினோடு மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். பின்னால் மூர்த்தி.

“ஜனனி...”

திரும்பினாள்! அப்பாவை அண்ணாந்து பார்த்து, ‘என்ன?’ என்பதுபோல் நின்றாள்.

மூர்த்தி அப்படியே நின்றுவிட்டார். தினம் கூப்பிட்டாரே தவிர, திரும்பினால் என்ன சொல்வது என்று யோசித்து வைக்கவில்லை போலிருக்கிறது. கண் நிறைந்துவிட்டது அவருக்கு. எனக்கும்தான்.

“ஒன்னியும் இல்லடா கண்ணு... சும்மா கூப்ட்டேன்.”