கார்ப்பரேஷன் கண்டம் பண்ணிய பன்னிரண்டு பெஞ்சு

நீலப் பெயிண்ட் வாசனையும் கருவாட்டு வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறினால், எனக்கு இன்றைக்கும் இருபத்து மூன்று வயதாகிவிடும்...

எழுபதுகளின் நடுவில், நொச்சிக்குப்பத்துப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். மயிலாப்பூரிலிருந்து நடந்தே போவேன். ஐந்தாவது வரைதான் வகுப்பு. ஆறாவதுக்குத் தூரமாகப் போக வேண்டும் என்பதால் பெண் பிள்ளைகளை வீட்டில் அனுப்ப மாட்டார்கள். அம்மாவோடு மீன் விற்கப் போய்விடுவார்கள்.

நாங்களே ஆறாவது தொடங்க அனுமதி கேட்டோம். பிள்ளைகள் உட்காரப் பெஞ்சு இருந்தால்தான் தருவோம் என்று கல்வி இலாகாவிலிருந்து பதில் வந்தது. எங்களிடம் இருந்ததோ கோரைப்பாய்!

அப்போது கார்ப்பரேஷன் ஆபீஸ்களில் உடைந்த மேஜை, பெஞ்சையெல்லாம் ‘கண்டம்’, அதாவது இனி உதவாது என்று எழுதி ஒதுக்கிவிடுவார்கள். ஏலத்துக்குப் போகும் முன் பள்ளிக்கூடங்கள் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். கேட்டேன். ஏழு தடவை அலையவிட்டார்கள், நானும் விடவில்லை. பன்னிரண்டு பெஞ்சு கிடைத்தது... ஒவ்வொன்றிலும் வெள்ளையில் ஒரு நம்பர்.

தன் மீன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவர் ஏழுமலை. அவர் மகள் செல்வி அப்போது ஐந்தாவது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஏழுமலையும் கூட்டாளிகளும் தட்டிக் கொட்டிச் சரிசெய்தார்கள். படகுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயிண்டைப் பூசினார்கள். “பழசுன்னே தெரியக்கூடாது, நல்லா பூசுங்க!” என்று பக்கத்தில் நின்று அதிகாரம் செய்தது சாட்சாத் நான்தான்.

இரண்டு வாரம் கழித்துக் கார்ப்பரேஷனிலிருந்து ஒருவர் நோட்டோடு வந்தார். இலவசமாக வாங்கிக் காயலான் கடையில் போட்டுவிடுகிறார்களா என்று பார்க்கும் வேலை.

“நம்பர் எங்கே டீச்சர்?”

நம்பரெல்லாம் பெயிண்டுக்கு அடியில்!

“நம்பர் இல்லாம இது எங்க பெஞ்சுன்னு எப்படி எழுதறது? காணோம்னுதான் எழுதணும்.”

அப்படி எழுதினால் பெஞ்சை நாங்கள் விற்றுவிட்டதாக ஆகிவிடும்; ஆறாவது அவ்வளவுதான். செல்வி ஜன்னல் ஓரமாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்... எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஏழுமலைதான் முன்னால் வந்தார். “சார், இத்த ஏன் தூக்கிப் போட்டீங்கன்னு அந்த நோட்டுல எழுதிக்கீதா?”

எழுதியிருந்தது. நோட்டுக்காரர் படித்தார்: “நம்பர் முப்பத்தொண்ணு. முன்கால் ஒண்ணு இல்லை.”

ஏழுமலை ஒரு பெஞ்சைக் கவிழ்த்தார். “இந்தா சார். என் பழைய துடுப்பு. அறுத்துக் காலா வெச்சுக்கீறேன்.”

“நாப்பத்திரண்டு. பலகை பிளவு.”

“அது படகுப் பலகை சார். குந்திப் பாரு, அசையுதான்னு!”

உட்கார்ந்து பார்த்தார். அசையவில்லை. ஒவ்வொரு உடைசலுக்கும் ஒரு ஒட்டு... பன்னிரண்டும் கணக்காக இருந்தன.

பேனாவைத் திறந்தவர் கொஞ்சம் யோசித்தார்.

“நல்லா இருக்குன்னு எழுதினா, பின்னே ஏன் கண்டம் பண்ணினீங்கன்னு கேப்பாங்க. திருப்பி எடுத்துட்டு வான்னாலும் சொல்வாங்க. பன்னிரண்டும் இருக்கு, கண்டம்னே எழுதிட்டுப் போறேன் டீச்சர்.” சிரிக்காமல் சொன்னார், மகராசன்!

அந்த ஜூனில் ஆறாவது தொடங்கியது. செல்வி முதல் பெஞ்சு. அன்றைக்கு எனக்கு வந்த கர்வத்தை மறைக்க மாட்டேன். சேலை மடிப்பைச் சரிசெய்வதுபோல் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இப்போது ஒரு ஃபேன் கொடுத்தாலும் மூன்று இறக்கையிலும் பேர் எழுதிவிடுகிறார்கள். எழுதட்டும், கொடுக்கிறார்களே! எங்கள் பெஞ்சில் மட்டும் யார் பேரும் இல்லை. துடுப்பை அறுத்தவருக்குப் பேர் எழுதத் தோன்றவே இல்லை.

கார்ப்பரேஷன் நோட்டுப்படி அந்தப் பன்னிரண்டும் உட்கார லாயக்கில்லாதவை. அவற்றில் உட்கார்ந்துதான் அந்த வருஷம் பதினான்கு பெண்கள் ஆறாவது படித்தார்கள். என் வகுப்பில்.